சந்தேகத்தின் பலன்

எழுந்து நிற்கச் சொன்னார்கள், எழுந்து நின்றேன். என் புருஷனுக்காக ஒரு நிமிட மௌனம் என்று ஒலிபெருக்கியில் தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை சொன்னார்கள். அப்புறம் இன்னொரு குரல் வந்து இந்த மௌனத்தை வழங்குபவர்கள் வலம்புரி முறுக்குக் கம்பிகள் என்றது, மைதானம் அடங்கியது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஏசி போட்ட அறையில், மெத்தை வைத்த நாற்காலிக்கு முன்னால் நிற்கிறேன். கீழே வைகை வேங்கைஸ் ஆட்டக்காரர்கள் தலை குனிந்து நிற்கிறார்கள், கையில் கறுப்புப் பட்டை, பட்டையில் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது, இங்கிருந்து தெரியவில்லை, அதுவும் முறுக்குக் கம்பியாகத்தான் இருக்கும். பெரிய திரையில் அவர் படம். பேரையாவது சரியாகப் போட்டிருக்கிறார்கள், சற்குணம், ஜில்லா கிரிக்கெட் அம்பயர் என்று. அந்தப் படம் எங்கள் மகள் சுடர் எடுத்தது, மொட்டை மாடியில் வடகம் காயப்போட்ட அன்றைக்கு, அவருக்குப் பின்னால் கொடியில் என் பழைய நைட்டி தொங்கியது, அதை அழித்துவிட்டு நீல வானமும் மேகமும் போட்டிருக்கிறார்கள். மேகத்துக்கு முன்னால் நின்றால் அவர் செத்துப்போனவராகத் தெரிகிறார், நைட்டிக்கு முன்னால் நின்றபோது சாகாதவராக இருந்தார். மௌனம் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேளம் அடித்துவிட்டார்கள். "உக்காருங்க மதினி" என்றார் தனசேகர். அவர் தம்பி, என் கொழுந்தன். மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். பனியன் முதுகில் சற்குணம் என்று எழுதியிருக்கிறது. இதே மாதிரி எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், மடித்து மடியில் வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறைக்குள் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பிடித்து மேலே இழுத்துக்கொள்கிறேன்.

மத்தியான வெயில் புல் மேல் வெள்ளையாக விழுந்திருக்கிறது. இப்படி ஒரு புல்லை அவர் நின்ற மைதானம் எதிலும் நான் பார்த்ததில்லை. மின்வாரிய ஆபீசில் வாரம் பூராவும் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கட்டாந்தரையில் போய் நிற்பார். ஓவருக்கு ஆறு பந்து எண்ணப் புளியங்கொட்டை வைத்திருப்பார், ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவார், துவைக்கும்போது கொட்டை மெஷினுக்குள் போய்க் கடகடவென்று சத்தம் போடும், நான் கத்துவேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எதையும் உடனே சொல்லமாட்டார், காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட ஒரு வாய் குடித்து, யோசித்து, தலையாட்டுவார். வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் உடைந்தது, சுடர்தான் உடைத்தாள் என்று எனக்குத் தெரியும், அவரைக் கேட்டேன், "நீ பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. "அப்ப சந்தேகத்தின் பலன் பிள்ளைக்குத்தான்" என்றார். சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு, அதுதான் சட்டம், பார்த்திருந்தால் அவுட், பார்த்த மாதிரி இருந்தால் அவுட் இல்லை. இந்த வார்த்தையை ஒரு வீட்டுக்குள் இத்தனை வருஷம் கேட்டுவிட்டு, அதையே போலீஸ் ஸ்டேஷனில் ஓர் இன்ஸ்பெக்டர் வாயால் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரப் பார்த்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். "பொழுது சாயுற நேரம்மா. ஹெட்லைட் கண்ணுல அடிக்குது. நீங்க கீழ விழுந்து கெடக்கீங்க. ஒருத்தர் ரைட் சைடு கதவத் தொறந்து இறங்கினதப் பாத்தேங்கிறீங்க. அது பின் கதவா இருந்தா? யோசிச்சுச் சொல்லுங்க, சந்தேகம்னு வந்துட்டா பலன் அவங்களுக்குத்தான் போகும்." நான் பார்த்தேன் சார் என்றேன். "பாத்தீங்க, யாரு இல்லன்னா" என்றார்.

நான் பார்த்தேன். முன் கதவு. ஸ்டீயரிங் இருக்கிற பக்கம். அழகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, முடிந்து திரும்பி வருகிறோம், ஸ்கூட்டரில் அவர் முன்னால், நான் பின்னால், என் மடியில் பந்தியில் மிஞ்சிய லட்டு இருந்த தூக்குச்சட்டி. ரோட்டோரம் புளியமரம், இருட்டு இறங்கவில்லை, காக்காய் எல்லாம் கத்திக்கொண்டிருந்தது. அவர் என்னமோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை, என்னது என்று நான் குனிந்தேன். அதுதான். என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பெட்ரோல் போடணும் என்றிருக்கலாம், சாம்பாரில் உப்பு அதிகம் என்றிருக்கலாம். அப்புறம் தரை. லட்டு உருண்டு போகிறது. வெள்ளைக் கார் கோணலாக நிற்கிறது, முன் கதவு திறக்கிறது, ஒருவன் இறங்குகிறான், அவனை எனக்குத் தெரியும், இந்த ஊரில் அவனைத் தெரியாத சுவர் கிடையாது, பனியன் விளம்பரத்தில் இருக்கிறான், பல்பொடி விளம்பரத்தில் இருக்கிறான், மகிழ்வேந்தன், வேந்தன் வேந்தன் என்று பிள்ளைகள் கத்துகிற வேந்தன். ரோட்டில் கிடக்கிறவரைக் குனிந்து பார்த்தான். "ஐயோ, அம்பயர் சார்" என்றான். சொன்னான். என் காதில் விழுந்தது. சொன்னானா? சொன்னான். அப்புறம் ஒன்று செய்தான், அதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, சொன்னால் நம்பமாட்டார்கள் என்று இல்லை, சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அவன் தன்னுடைய வலது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். சுற்றிப் பார்த்தான், இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று, விரலை மடக்கி விரித்தான். வலி இல்லை போல. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பின்னாலேயே இன்னொரு கார் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவர் தலை என் மடியில், ஹெல்மெட்டோடு இருந்தது, கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பேப்பரில், கிரிக்கெட் வீரரின் டிரைவர் சரண் என்று போட்டிருந்தது. குருசாமி என்று ஒரு வயதானவர். வேந்தன் பின் சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாராம். ஸ்டேஷனில்தான் அந்தக் குருசாமியை நான் முதல்முறையாகப் பார்த்தேன், என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், எதற்குக் கும்பிட்டார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சத்தம் வந்து கண்ணாடியில் இடிக்கிறது, கண்ணாடி அதிர்கிறது. அவன் இறங்கி வருகிறான். மட்டையைச் சுழற்றிக்கொண்டே வருகிறான், அந்த மணிக்கட்டு. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வேங்கைஸ் டீமில் இந்தக் காரியத்தையெல்லாம் பார்த்துக்கொள்கிற பெண், ரோஷ்னி என்று பேர், காதில் மைக் மாட்டியிருக்கிறது, என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். முழங்கால் வலிக்குது என்று காலையில் நான் சொன்னதை ஞாபகம் வைத்து ஒரு தலையணை கொண்டுவந்தாள். "அம்மா, ஒண்ணும் பண்ண வேணாம், நீங்க நீங்களா இருங்க. வேந்தன் அண்ணா ஃபிஃப்டி அடிச்சா மட்டும் எந்திரிச்சுக் கை தட்டுங்க, போதும். கேமரா இங்க இருக்கு, நீங்க அதப் பாக்காதீங்க." பிறகு, "ஒவ்வொரு சிக்ஸருக்கும் சார் பேர்ல ஒரு ஹெல்மெட் குடுக்கிறோம்மா, ஏழைங்களுக்கு. சற்குணம் சிக்ஸர்னு பேர் வெச்சிருக்கோம்" என்றாள். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார் என்றேன். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, என் கையைப் பிடித்து, "ஸாரிம்மா" என்று சொல்லிவிட்டு, காதில் யாரோ கூப்பிட, எழுந்து போனாள். தனசேகர் என் பக்கம் சாய்ந்து, "எதுக்கு மதினி அதெல்லாம் சொல்லிக்கிட்டு, நல்லதுதான செய்றாங்க" என்றார். இவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அண்ணன் செத்ததற்கு இவர் அழுத மாதிரி நான்கூட அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், மூன்று நாள் சாப்பிடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வேந்தன் வந்தான், அன்றிலிருந்துதான் மாறினார்.

அந்தப் பதினாறாம் நாள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவில் இரைச்சல். என்னமோ ஏதோ என்று பார்த்தால் காம்பவுண்டுச் சுவர் மேலெல்லாம் தலைகள், எதிர்வீட்டு மாடியில் ஆட்கள், கரண்ட் கம்பத்தில் ஒருத்தன் தொங்குகிறான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வேந்தன் உள்ளே வந்தான். அவர் படத்துக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டார்கள். என் சொந்தச் சித்தி மகள், காலையிலிருந்து என் தோளில் சாய்ந்து அழுதவள், முந்தானையால் முகத்தைத் துடைத்து முடியைச் சரி பண்ணிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். மந்திரம் சொன்ன ஐயரும் நின்றார். பின்னால் மாலை போட்ட அவர் படம், முன்னால் எல்லாரும், வேந்தன் நடுவில். தனசேகர் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். "அந்தப் பையன் அழுதான் மதினி, நெசமா அழுதான், என் கைய விடவே இல்ல" என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விட்டிருக்கமாட்டான். என் பக்கம் வந்து கும்பிட்டபோது நான் அவனைக் கேட்டேன், மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ அவர அம்பயர் சார்னு கூப்பிட்டேல்ல?" என்று. அவன் கண் ஒரு தடவை அகன்றது. அவனோடு வந்திருந்த கோட்டுக்காரர் அவனைத் தோளில் தொட்டுத் திருப்பினார், அவ்வளவுதான், திரும்பிவிட்டான். கண் அகன்றதுதானே. அகன்றது. ஒருவேளை துக்கவீட்டில் ஒரு பொம்பளை என்னமோ உளறுகிறாள் என்று அகன்றிருக்கலாம். இதுதான், இப்படித்தான் இது என்னைத் தின்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த ரோட்டை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்கத் தேய்கிறது. கதவு முன் கதவுதான். ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் பின் கதவு என்று சொன்ன பிறகு, சில நாள் கனவில் பின் கதவு திறக்கிறது.

பந்து அவன் காலில் பட்டது. நடு ஸ்டம்புக்கு நேர், முட்டிக்குக் கீழே. எனக்குத் தெரிந்தது, அவரோடு அத்தனை மேட்ச் உட்கார்ந்து பார்த்தவள், உடம்பே சொல்லிவிட்டது அவுட் என்று. எதிர் டீம் மொத்தமும் கையைத் தூக்கிக் கத்துகிறது. அம்பயர் தலையாட்டினார், இல்லை. மைதானம் எக்காளமிட்டது. தனசேகர் துள்ளிக் குதித்து என் தோளில் தட்டினார், அப்புறம் யாரைத் தட்டினோம் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். வேந்தனை என் புருஷன் ஒருமுறை அவுட் கொடுத்திருக்கிறார். மூன்றாம் டிவிஷன் மேட்ச், அவனுக்குப் பதினேழு வயசு இருக்கும், பேர் தெரியாத பையன். எல்.பி.டபிள்யூ., இதே மாதிரி காலில் பட்ட பந்துதான். பையன் முகம் சுளிக்காமல் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டானாம். அன்றைக்கு இவர் தூங்கவில்லை. "லெக் சைடுல பிட்ச் ஆயிருக்குமோ செம்பகம்? அந்தப் பய ஒரு வார்த்த பேசல பாரு. பேசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்று புரண்டு புரண்டு படுத்தார். அடுத்த வாரம் அவனைத் தேடிப் போய், தம்பி, எனக்குச் சந்தேகமா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தார், அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது. அவன் பெரிய ஆளானதும் டிவியில் வரும்போதெல்லாம், "பாத்தியா, நம்ம பையன். நான் அவுட் குடுத்தப்ப திரும்பிக்கூடப் பாக்கல" என்பார். அந்தப் பெருமையை என்ன செய்வது? அவர் செத்த பிறகு அது எங்கே போகும்? ஒரு பந்துக்காகத் தூங்காத மனுஷன். இவன் தூங்குகிறானா? தூங்குகிறான், தோலைப் பார்த்தாலே தெரிகிறது, நன்றாகத் தூங்குகிற தோல்.

சிக்ஸர். பந்து சுவருக்கு மேலே போய் வெயிலுக்குள் காணாமல் போனது. திரையில் ஹெல்மெட் படம் சுழல்கிறது, சற்குணம் சிக்ஸர், அதற்கடுத்து ஒரு பொம்பளை முகம், யார் இது, கன்னம் ஒட்டி, காதில் ஒன்றுமில்லாமல், நான்தான். மன்னிப்பின் முகம் என்று கீழே எழுதியிருக்கிறது. நான் எப்போது மன்னித்தேன்? யாரை? குருசாமியையா? பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா, பட்டுப்புடவை, "நீங்கதானா அது? உங்க மனசு யாருக்கும்மா வரும்" என்று சொல்லி என் கன்னத்தோடு கன்னம் வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார். சென்ட் வாசனை என் மேல் ஒட்டிக்கொண்டது. அவன் அடிக்க அடிக்க நான் திரையில் வருகிறேன். எனக்கு ஒரு பயங்கரமான விஷயம் தெரிகிறது, யாரிடமும் சொல்லக்கூடாதது, அவன் நன்றாக ஆடுகிறான். அழகாக ஆடுகிறான். பந்து வருமுன்னே கால் அங்கே போய் நிற்கிறது. மனசு அதை ரசிக்கிறது, ரசிக்காதே என்றால் கேட்கவில்லை, பக்கத்தில் அவர் உட்கார்ந்து ஆகா என்று சொல்வது மாதிரி இருக்கிறது. அவன் அவுட் ஆகணும், அவன் கை முறியணும் என்று வேண்டிக்கொண்டே அடுத்த பந்தை எங்கே அடிப்பான் என்று கண் தேடுகிறது. ஐம்பது அடித்தபோது முன்வரிசை ஆட்கள் எழுந்து மறைத்துவிட்டார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் தெரிந்தது நான் எழுந்துவிட்டேன் என்று. கை தட்டவில்லை. ஆனால் திரையில் ஒரு விதவை எழுந்து நிற்கிறாள், மைதானமே அவளைப் பார்த்துக் கை தட்டுகிறது. திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இந்தப் படத்தை அவர்கள் வக்கீல் அங்கே காட்டுவார். கொலைகாரன் என்கிறாரே இந்த அம்மா, அவன் ஐம்பது அடித்ததும் எழுந்து நிற்கிறாரே, ஐயா. இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அது எனக்குத் தெரியாமலா வந்தேன்?

தெரிந்துதான் வந்தேன். காலையில் சுடர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாவக் கொன்னவன் போடுற சேர்ல போய் உக்காரப் போற. அப்படித்தானம்மா?" என்றாள். நான் புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். "சித்தப்பாவுக்குத்தான் அறிவில்ல, டிவியில வரணும். உனக்கென்ன?" மடிப்பில் ஊசியைக் குத்தினேன். சொல்லியிருக்கலாம். மேட்ச் முடிந்ததும் பரிசு கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள், கையில் மைக் கொடுப்பார்கள், நான் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனில் சொன்னது சுவருக்குள் போய்விட்டது, திங்கட்கிழமை சொல்லப்போவது ஃபைலுக்குள் போய்விடும், ஊர் பூராவும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் யார் அழிக்க முடியும்? ஆனால் வாயைத் திறந்து மகளிடம் சொன்னால் அந்தத் தைரியம் அங்கேயே செலவாகிவிடும் என்று பயந்தேன். சுடர் கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அழகர்கோவில் ரோட்டில் ஆரம்பித்து, காக்காய், கதவு, அம்பயர் சார், மணிக்கட்டு என்று வரிசையாக. இப்போது அது குழம்புகிறது. ரோஷ்னி வைத்துவிட்டுப் போன பழச்சாறு அப்படியே இருக்கிறது, குடித்தால் அவர்கள் பழச்சாறு, குடிக்கவில்லை. அவ்வளவும் சொல்ல விடமாட்டார்கள். பாதியில் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு வரி. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரு வரி. எது? வண்டிய ஓட்டுனது இவர்தான். அவ்வளவுதான். குருசாமி இல்லை, இவர்தான். வண்டிய ஓட்டுனது இவர்தான். இதைப் பிடித்துக்கொள், செம்பகம், மற்றதையெல்லாம் விட்டுவிடு.

ஜெயித்துவிட்டார்கள். கடைசிப் பந்து வரைக்கும் அவன்தான் நின்றான், மற்றவர்களெல்லாம் வந்து வந்து போனார்கள். வெடி, புகை, மஞ்சள் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டுகின்றன. ரோஷ்னி ஓடி வந்தாள். "வாங்கம்மா, வாங்க, பாத்து இறங்குங்க." படிக்கட்டு, ஒரு நீளமான வழி, திடீரென்று புல். காலுக்கடியில் மெத்தென்று இருக்கிறது, செருப்போடு மிதிக்கலாமா என்று ஒரு நினைப்பு. சத்தம் இங்கே வேறு மாதிரி இருக்கிறது, கண்ணாடி இல்லாத சத்தம், தோலில் படுகிறது. என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். அவன் எதிரே நிற்கிறான், வியர்வை சொட்டுகிறது, இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பையன்தான், மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பரு. கோட் போட்ட ஒரு தம்பி மைக்கில், "நெஞ்சம் நெகிழும் தருணம்! கணவரை இழந்தும் மனசு நிறைய அன்போட இங்க வந்திருக்காங்க செம்பகம் அம்மா! அம்மா, இன்னைக்கு வேந்தன் ஆடினதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை!" என்று மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். மைதானம் அடங்கியது. முதலில் வழங்கப்பட்ட மௌனம் மாதிரி இல்லை, நிஜமாகவே அடங்கியது, என் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. நான் அவன் கண்ணைப் பார்த்தேன்.

"வண்டிய ஓட்டுனது இவர்தான்" என்றேன்.

அவன் முகம் செத்தது. நான் கண்டேன். சிரிப்பு அப்படியே நிற்க, அதற்குப் பின்னாலிருந்து ரத்தம் இறங்கிப் போனது, உதடு வெளுத்தது, அந்த ரோட்டில் பார்த்த அதே முகம், ஐயோ என்று சொன்ன முகம். இப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஒரு துளி இல்லை, முன் கதவுதான், அம்பயர் சார்தான், எல்லாமே சரி, நான் பார்த்தது பார்த்ததுதான். சொல்லிவிட்டேன். ஊர் கேட்டுவிட்டது. அந்தக் கணம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அப்புறம் கோட் போட்ட தம்பி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "ஆஹா! கேட்டீங்களா! அத்தனை பேரும் அவுட் ஆனப்ப தனி ஆளா கடைசி வரைக்கும் வண்டிய ஓட்டுனது இவர்தான்! அம்மா வாயால வந்த வார்த்த! மதுரை, இன்னொரு தடவ சொல்லுங்க! வண்டிய ஓட்டுனது யாரு?" என்றார். மைதானம் வெடித்தது. வேந்தன்! என்றது. நான் மைக்கைப் பிடித்தேன். "இல்ல, இல்ல, இவர்தான் ஓட்டுனது, நான் பாத்தேன், குருசாமி இல்ல, இவர்தான்" என்று கத்தினேன். ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை, அத்தனை ஆயிரம் தொண்டை என் மேல் ஏறி நின்றது. மேளக்காரர்கள் அதற்குத் தாளம் பிடித்துவிட்டார்கள். வண்டிய ஓட்டுனது யாரு? வேந்தன்! வண்டிய ஓட்டுனது யாரு? வேந்தன்! திரையில் அது எழுத்தாக வந்தது, மஞ்சளில், துள்ளித் துள்ளி. கிழக்கு மேடை கேட்கிறது, மேற்கு மேடை பதில் சொல்கிறது. போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அதில் அந்த இன்ஸ்பெக்டரும் இருக்கிறார், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரும் வாயசைக்கிறார். நான் சொல்ல வந்ததை ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. வேந்தனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. சுற்றிப் பார்த்தான், கேட்டான், புரிந்துகொண்டான், கண்ணில் தண்ணீர் வந்தது, நிஜக் கண்ணீர், தப்பித்தவன் அழுகிற அழுகை. குனிந்து என் காலைத் தொட்டான். எழுந்து என் கையைப் பிடித்து உயரத் தூக்கினான். மறுபடி ஒரு இரைச்சல். "நன்றிம்மா" என்றான் என் காதில். அவன் மனசார நன்றி சொன்னான் என்பதுதான் தாங்க முடியவில்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று கோர்வையாக ஞாபகம் இல்லை. தனசேகர் என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார், "என்னா ஒரு வார்த்த மதினி, எப்படி மதினி தோணுச்சு, அண்ணன் இருந்திருந்தா..." என்று சொல்லி அழுதார். நான் அவர் பனியனைப் பிடித்துக்கொண்டு, தனசேகரு, நான் காரச் சொன்னேன், கார ஓட்டுனதச் சொன்னேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. புரிந்தது என்று எனக்குத் தெரியும், கண்ணை என் மேலிருந்து எடுத்துக்கொண்டார். பனியனிலிருந்து என் கையை விலக்கிவிட்டு, "வெயில்ல உங்களுக்குத் தல சுத்தியிருக்கு மதினி, வாங்க, எளநி குடிப்போம்" என்றார். எங்களுக்குக் கொடுத்த காரில் ஏறவில்லை, ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் பைக்கில் கொடி பிடித்துக்கொண்டு போகிறார்கள், அதையே கத்திக்கொண்டு போகிறார்கள். சிக்னலில் ஒருத்தன் என்னை அடையாளம் கண்டு ஆட்டோவுக்குள் தலையை விட்டு, "அம்மா! வண்டிய ஓட்டுனது யாரும்மா?" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவனே சொல்லிக்கொண்டு போய்விட்டான். இனி திங்கட்கிழமை நான் என்ன சொன்னாலும் அது இன்றைக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். மாஜிஸ்திரேட்டும் வீட்டில் டிவி வைத்திருப்பார். என்னிடம் ஒரே ஒரு வரி இருந்தது, அதையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன் அடித்தது. சுடர். எடுக்கப் பயமாக இருந்தது, எடுத்தேன். "டிவியில பாத்தேன்மா" என்றாள். அழுதிருக்கிறாள், மூக்கடைத்த குரல். "நீ என்ன சொன்னன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. யாருக்கும் புரியல, எனக்குப் புரிஞ்சுச்சும்மா. அவன் மூஞ்சியப் பாத்தேன்ல." ஆட்டோ கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன், ஒருத்தி போதும், ஒருத்தி கேட்டால் போதும் என்று இருந்தது. "இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்டா" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. ஆட்டோ பாலத்தில் ஏறியது, கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் கருவேலம் மண்டிக் கிடந்தது.

"ம்மா" என்றாள்.

"சொல்லுடா."

"அவன் உன் கையத் தூக்குனப்ப, எல்லாரும் கத்துனாங்கல்ல."

"ஆமா."

"அப்ப நீ சிரிச்சம்மா."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் எங்கே சிரித்தேன்? நான் கத்திக்கொண்டிருந்தேன். கை மேலே போனது, தோள் வலித்தது, அத்தனை பேரும் என்னைப் பார்த்து, அத்தனை பேரும் ஒரே குரலில், அந்தச் சத்தம் வந்து நெஞ்சில் மோதியபோது, அப்போது என் முகம் என்ன செய்தது? யோசித்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் காகிதம் பறக்கிறது.

"திரும்பத் திரும்பப் போடுறாங்க" என்றாள் சுடர். "ஏம்மா சிரிச்ச?"